பள்ளிக்கூடத்துக்கும் ஒரு திருவிழா நோட்டீஸ் வேணும்

நவம்பர் 14 அன்னைக்கு எங்க பாப்பா பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. ரெண்டாப்பு படிக்கிறா. அப்படி ஒரு போட்டி இருக்குறதே எனக்கு அன்னைக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் தெரியும்.

எப்படின்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஃபார்ம்ல எங்க வீட்டுக்காரவுக நம்பரைக் குடுத்தோம், அப்ப என்கிட்ட பட்டன் போன்தான். அதனால வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கறது அவுக. அவுக இருக்கறது சிங்கப்பூர்ல. முதல் நாள் ராத்திரி 8:40க்கு டீச்சர் மெசேஜ் போட்டிருக்காங்க, அங்க அப்ப மணி 11:10, மனுசன் தூங்கிட்டாக, காலைல இருட்டோட எந்திரிச்சு லாரி ஏறி வேலைக்குப் போயாச்சு, சைட்டுல போன் எடுக்க முடியாது, மதியச் சாப்பாட்டுக்கு ஒக்காரும்போது பாத்து எனக்கு அனுப்பிருக்காக. அவுகளுக்கு 12 மணின்னா நமக்கு 9:30. நான் 9 மணிக்கே அடுப்படில நின்னாச்சு. பலகாரம் போடுற எடத்துல வேலை, அந்த வாரம் கல்யாணச் சீருக்கு மனகோலமும் தேன்குழலும் ஆர்டர், கை பூரா மாவு, போன் பைக்குள்ள. ஒரு மணிக்கு எடுத்துப் பாக்குறேன், "நாளை மாறுவேடப் போட்டி, பெற்றோர் குழந்தைகளைத் தயார் செய்து அனுப்பவும்". அந்த "நாளை" முடிஞ்சே போச்சு.

ஒரே மெசேஜ், காரைக்குடிப் பக்கத்துல இருந்து கடல் தாண்டிப் போய்ட்டு திரும்பி நாலு தெரு தள்ளி இருக்கற என்கிட்ட வந்து சேந்துச்சு பாருங்க.

சாயங்காலம் வந்து பாப்பா அழுவான்னு நெனச்சேன். அழல. "அம்மா, பாரதமாதா வேசம் போட்ட புள்ள சாப்புடறப்ப அவ கிரீடத்த நான்தான் வச்சிருந்தேன்"னு பெருமையா சொன்னா. எனக்குத்தான் ராத்திரி சோறு எறங்கல. முதல் நாளே தெரிஞ்சிருந்தா எங்க அத்தையோட வெள்ளைச் சீலையும் திருநீறும் போதும், ஔவையாரா அனுப்பிருப்பேன், கம்பு கூட வீட்டுலயே இருக்கு.

இத டீச்சரத் திட்றதுக்காக எழுதலங்க. அவங்க நெலமையும் தெரியும். ரெண்டு பேர் அஞ்சு வகுப்பப் பாத்துக்கிட்டு, சின்ன வகுப்புக்கு அரசாங்கம் கொண்டாந்த எண்ணும் எழுத்தும் திட்டம், எமிஸ்ங்கற அரசாங்க வெப்சைட்டுல புள்ளைக வெவரம் பதிவு, அது இதுன்னு ஓடிக்கிட்டு இருக்காங்க, மேல இருந்து வர்ற தகவலே சில நேரம் அவங்களுக்கு சாயங்காலம்தான் வருது, அவங்க எங்கிருந்து முன்கூட்டியே சொல்லுவாங்க. ஆனா எல்லாமே அப்படித் திடீர்னு வர்றது இல்லையே? ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், அது என்ன மாறவா போகுது. ஆகஸ்ட் 15 கொடியேத்தம். நவம்பர் 14ம் வருசா வருசம் அதே தேதிலதான் வருது, அதுக்குப் போட்டி வைக்கணும்னு அக்டோபர்ல மூணு வரி எழுதி ஒட்டினா என்ன? வருசத்த மூணாப் பிரிச்சு நடத்துற பருவம் முறை வந்தே 2012ல இருந்து இத்தன வருசம் ஆச்சு. புத்தகத்த மட்டும் மூணாப் பிரிச்சுக் குடுத்தாச்சு, அந்தப் பருவத்துல என்ன நடக்கப்போகுதுன்னு வீட்டுக்குச் சொல்ற பழக்கம் மட்டும் வரல.

எங்க ஊருக் கோயில் திருவிழாவ எடுத்துக்கங்க. காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே மஞ்சக் கலர்ல நோட்டீஸ் வீடு வீடா வந்துரும். முதல் நாள் யாரு மண்டகப்படி, என்ன வாகனம், சாமி எத்தன மணிக்குப் பொறப்பாடு, என்னைக்குத் தேரு, கடைசி நாள் என்னன்னு அம்புட்டும் ஒரே தாள்ல. அத வச்சுத்தான் சென்னைல இருக்கறவுக ட்ரெயின் புக் பண்றாக, சிங்கப்பூர், மலேசியால இருக்கறவுக லீவு சொல்றாக. எங்க அத்தை அத அரிசிக்கடைக் காலண்டர் ஆணிலயே குத்தி வச்சிருவாக, திருவிழா முடிஞ்சும் மூணு மாசம் அங்கயே தொங்கும். பத்து நாள் திருவிழாவுக்கு இம்புட்டு ஏற்பாடு பண்ணத் தெரிஞ்ச ஊருக்கு, மூணு மாசப் பருவத்துக்கு ஒரு தாள் அடிக்கத் தெரியாதா?

தாளுன்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சம்பவத்துக்கு அப்பறம் போய் நம்பர மாத்திக் குடுத்துட்டேன், டீச்சரும் உடனே சேத்துட்டாங்க. குரூப்புக்குள்ள போய்ப் பாத்தா ரோசாப்பூ குட் மார்னிங், யாரோ வித்த சுடிதார், அதுக்கு நடுவுல கோணலா போட்டோ எடுத்த ஒரு சுற்றறிக்கை, "மேற்காண் பொருள் சார்ந்து"ன்னு ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல. அதுல தேதியத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுப்புல எண்ணெய் காஞ்சு போயிரும். சரி, நானாவது தட்டுத் தடுமாறிப் படிச்சிருவேன். இங்க பாதி வீட்டுல ஆம்பளைக வெளிநாட்டுல, பொம்பளைக வேலைக்கு, புள்ளைகளக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றது அப்பத்தாவும் ஆயாவும்தான். அவுககிட்ட ஏது வாட்ஸ்அப்பு?

ஆனா அவுகளுக்கு வெவரம் போகாதுன்னு நெனைக்காதீங்க. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சுல்ல, அதுல புதன்கிழமை பொங்கலுங்கறது எங்க அத்தைக்கு மனப்பாடம். அன்னைக்கு மட்டும் "ஓடுத்தா, ஆறிப்போகும்"னு பாப்பாவ வெரட்டிக்கிட்டே போவாக. யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல, கிழமை மாறாம வருது, அதனால பதிஞ்சு போச்சு. தினம் காலைல அத்தன அப்பத்தாமாரும் அந்த கேட்டுல நிக்கிறாக. அங்க ஒரு போர்டு, சாக்பீஸ்ல பெரிய எழுத்தா இந்த வாரம் இது இதுன்னு எழுதி, வாயாலயும் ஒருதடவ "ஆத்தா, வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கு, மருமகள வரச்சொல்லுங்க"ன்னு சொன்னா ஊரு பூரா போய்ச் சேந்துரும். இதவிட வேகமான நெட்வொர்க் எந்த கம்பெனிக்காரன்கிட்டயும் இல்ல.

தேதி முன்னாடியே தெரியாததால போட்டி மட்டும் போச்சுன்னா கூடப் பரவால்ல. பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் குடற்புழு மாத்திரை குடுப்பாங்கல்ல, போன தடவ அது முன்கூட்டிச் சொல்லாம நடந்து, "பள்ளிக்கூடத்துல ஏதோ மாத்திரையக் குடுத்துட்டாகளாம்"னு தெருவே பதறிப் போச்சு. பாப்பாவுக்கு அன்னைக்கு லேசா காய்ச்சல் வேற. உடம்பு சரியில்லாத புள்ளைக்கு அன்னைக்கு குடுக்கக் கூடாது, விட்டுப்போனவங்களுக்கு அப்பறம் இன்னொரு நாள் வச்சுக் குடுப்பாங்கங்கறதெல்லாம் எனக்கு நர்சம்மா சொல்லித்தான் பின்னாடி தெரியும். ரெண்டு வரி முன்னாடியே வந்திருந்தா நானே டீச்சர்கிட்ட சொல்லிருப்பேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் அப்படித்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல, குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைகளா இருக்கணும்னு எழுதி வச்சிருக்கு. எழுதினவங்க நல்லாத்தான் எழுதிருக்காங்க. கூட்டம் இன்னைக்கு மூணு மணிக்குன்னு ரெண்டு மணிக்குச் சொன்னா தினக்கூலிக்குப் போற நான் எப்படி வருவேன்? ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சா, கூட வேலை பாக்குற அக்காகிட்ட சொல்லி ஆள் மாத்திக்குவேன், சம்பளமும் போகாது. அன்னைக்கே சொன்னா ஒண்ணு அரைநாள் கூலி போகும், இல்லன்னா "கூப்புட்டாலும் பெத்தவங்க வர்றதே இல்ல"ங்கற பேரு எனக்கு வரும். அந்தப் பேரத்தான் நாங்க இத்தன வருசமா சுமந்துக்கிட்டு இருக்கோம்.

மாறக்கூடிய தேதி இருந்தா "மாறலாம்"னு பக்கத்துல போட்டுருங்க, யாரு கோவிச்சுக்கப் போறா. கல்யாணப் பத்திரிக்கையா அது. இன்னொண்ணு, தேதி வைக்கறப்ப ஊரையும் கொஞ்சம் பாத்து வையுங்க. ஒரு வருசம் தைப்பூசத்துக்கு முன்வாரம் பெற்றோர் கூட்டம் வச்சாங்க, அந்த வாரம் இங்க பாதி சனம் பழனிக்கு ரோட்டுல நடந்துக்கிட்டு இருக்கும். வந்தது ஆறு பேரு.

போன வாரம் நானும் இன்னும் ரெண்டு அம்மாமாரும் போய் ஹெட்மாஸ்டர் சார்கிட்ட கேட்டோம். மூணாம் பருவத்துக்கு ஒரே ஒரு தாள், ஜெராக்ஸ் செலவு எங்களது, கையெழுத்து நல்லா இருக்குன்னு எழுதற வேலையும் எனக்கேன்னு சொன்னேன். சார் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் டீச்சரக் கூப்புட்டு, "தைப்பூசம் என்னைக்கு வருதுன்னு மொதல்ல காலண்டரப் பாருங்கம்மா"ன்னாரு.

வீட்டுல அத்தைகிட்ட சொன்னேன். ஆணில இருந்து பழைய திருவிழா நோட்டீஸ எடுத்து மடிச்சு பீரோவுல வச்சுட்டாக.