அந்தக் காது மடங்கியே இருக்கட்டும்

போன மாதம் ஒரு அம்மா தன் நாயை வரைந்து தரச் சொல்லி எழுதியிருந்தார். 13 வயது வரை வாழ்ந்து போன நாய். ஒன்பது புகைப்படங்கள் வந்தன, கூடவே மூன்று திருத்தங்களும்: மூக்கைச் சுற்றியிருக்கும் நரை வேண்டாம், கண்ணில் படர்ந்த வெண்மை வேண்டாம், இடது காது பாதியில் மடங்கியிருக்கிறது, அதை நிமிர்த்திவிடுங்கள்.

உடனே சரி என்று சொல்ல மனம் வரவில்லை. போன் செய்து, காது எப்படி மடங்கியது என்று மட்டும் கேட்டேன். குட்டியாக இருந்தபோது வேறொரு நாய் கடித்துவிட்டதாம். "சாவிச் சத்தம் கேட்டால் போதும், வலது காது டக்கென்று நிமிரும். இடது காதும் எழப் பார்க்கும், பாதி வரைக்கும் வந்து நின்றுவிடும்" என்று சொல்லிச் சிரித்தவர், சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "காதை அப்படியே வரைஞ்சிடுங்க" என்றார்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். செல்லப்பிராணிகளை வரையும் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது அழகுபடுத்தித் தரச் சொல்லித்தான். கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது, பிரியத்தில் கேட்கிறார்கள். ஆனால் நரையை எடுத்து, கண்ணைத் தெளிவாக்கி, காதையும் நிமிர்த்திவிட்டால் கேன்வாஸில் மிஞ்சுவது அந்த இனத்து நாய் ஒன்று. அப்படி ஒரு படம் எந்த நாட்காட்டியிலும் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கதவருகே காத்துக்கிடந்தது அது கிடையாது.

வயதான நாயின் கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக நாய்களின் கண்ணில் லேசான நீலச் சாம்பல் மூட்டம் படரும். பல நாய்களுக்கு அது பார்வையைப் பெரிதாக மறைப்பதில்லை. வரையும்போது முதலில் அடியில் இருக்கும் பழுப்பை முழுதாகப் போட்டுக் காய விடுவேன். அப்புறம் அதன் மேல் நீர்த்த சாம்பல் நீலத்தை ஒரே ஒரு மெல்லிய படலமாக ஓட்ட வேண்டும், பழுப்பு உள்ளிருந்து தெரிய வேண்டும். கண்ணில் விழும் ஒளிப்புள்ளியை இளம் நாய்க்குக் கூர்மையான விளிம்போடு வைப்பேன், முதிய நாய்க்கு அந்த விளிம்பைக் கரைத்துவிடுவேன். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்தப் புள்ளியை நான் கூர்மையாக வைத்துவிட்டால் பத்து வயது குறைந்துவிடும், அந்தப் பத்து வருடமும் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வருடங்கள் அல்லவா? அதை அழிக்க எனக்குக் கை வராது.

என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இறந்துபோன பிராணிகளுடையவை. இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்கவே முடியாது. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பூனையின் கண் பச்சையாகத் தகதகக்கும், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அப்படி. உண்மையான கண் நிறம் அதில் தொலைந்துபோகும். கைபேசியை முகத்தருகே கொண்டுபோய் எடுத்திருந்தால் மூக்கு பெருத்து நெற்றி சிறுத்துவிடும். ஒரு படத்திலிருந்து தலையின் சாய்வு, இன்னொன்றிலிருந்து ரோமத்தின் நிறம், மங்கலான ஒரு குடும்பப் படத்தின் மூலையிலிருந்து வால் நிற்கும் விதம் என்று பொறுக்கிச் சேர்ப்பேன். பத்து நொடி வீடியோ ஒன்று கிடைத்துவிட்டால் அன்று எனக்குக் கொண்டாட்டம்தான், ஒரு பிராணி திரும்பிப் பார்க்கும் விதம் எந்தப் புகைப்படத்திலும் இருக்காது. (இப்போது உயிரோடு இருக்கும் உங்கள் பிராணியைத் தயவுசெய்து ஜன்னல் வெளிச்சத்தில், அதன் கண் உயரத்துக்குக் குனிந்து, பிளாஷ் இல்லாமல் நாலு படம் எடுத்து வையுங்கள். ஓவியம் வரையச் சொல்வதற்காக என்று இல்லை, சும்மா எடுத்து வையுங்கள்.)

படங்களை விடப் பேச்சுதான் எனக்கு அதிகம் உதவுகிறது. எங்கே தூங்கும், எதற்குப் பயப்படும், யார் வந்தால் எழுந்து வராது என்றெல்லாம் கேட்பேன். கேட்டதில் முக்கால்வாசி படத்தில் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரோமத்தைக் கோடு கோடாக இழுக்கும் அந்த நீண்ட மணி நேரங்களில் கை எதையாவது பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

"இதெல்லாம் ஒரு ஓவியமா" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள், அதுவும் கூட வரைகிறவர்கள். எனக்கு அப்போதெல்லாம் நிப்பர் ஞாபகம் வரும். பழைய இசைத்தட்டுகளில் ஒலிப்பெருக்கிக் குழாய் முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டபடி உட்கார்ந்திருக்குமே, அந்த நாய். அது கற்பனை நாய் இல்லை. பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர் வளர்த்தது, முதலில் அவருடைய அண்ணனிடம் இருந்து, அண்ணன் இறந்த பிறகு இவரிடம் வந்தது. நிப்பர் 1895ல் இறந்தது, பராட் அந்தப் படத்தை வரைந்தது 1898ல். மூன்று வருடம் கழித்து! முதலில் அவர் வரைந்திருந்தது வேறொரு கருவி, உருளையில் ஒலி பதியும் போனோகிராப். 1899ல் ஒரு கிராமபோன் நிறுவனம் படத்தை வாங்க முன்வந்தபோது, அவர்கள் கேட்டபடி அதன் மேலேயே கிராமபோனைத் தீட்டிக் கொடுத்தார். கருவி மாறியது, நாயின் தலைச் சாய்வு மாறவில்லை. இல்லாமல் போன ஒரு நாயிடமிருந்து ஒரு மனிதன் கையில் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கத்தை, அதைத்தான் உலகமே அடையாளம் கண்டுகொண்டது. என் வேலையை யாராவது குறைத்துப் பேசினால் நான் அமைதியாக இருக்க முடிவது இதனால்தான்.

ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி, குட்டைக் காலும் நீண்ட உடலும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் இன நாய்கள் இரண்டு வைத்திருந்தார், ஸ்டான்லி, பூஜி. 1990களில் அவற்றைத் திரும்பத் திரும்ப நேரில் பார்த்து வரைந்தார். பெரும்பாலும் தூங்குகிற நாய்கள், மெத்தையில் சுருண்டு கிடப்பவை. அதைப் பார்த்த பிறகு நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆர்டர் எவ்வளவு குவிந்திருந்தாலும் தினமும் கொஞ்ச நேரம், எதிரில் உயிரோடு இருக்கும் ஏதாவது ஒரு பிராணியைப் பென்சிலால் வரைவது. பூனை முப்பது நொடியில் புரண்டுவிடும், கோடு பாதியில் நிற்கும், நிற்கட்டும். புகைப்படத்தை மட்டுமே பார்த்து வரைந்துகொண்டிருந்த ஒரு காலத்தில் என் கை மரத்துப்போயிருந்தது. படங்கள் அச்சு அசலாக இருந்தன, ஒன்றில்கூட எலும்புக்கு மேல் தசை இருப்பது தெரியவில்லை. அந்த வருடத்துப் படங்களைத் திரும்பப் பார்க்க இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன என்பதால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மனம் கனத்துப்போகும் வேலை இது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தே இராத ஒரு பூனையின் முகத்தோடு மூன்று வாரம் இருக்கிறேன், கடைசி நாள் அதைப் பொதிந்து அனுப்பிவிட்டால் அறை வெறிச்சென்று ஆகிவிடுகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்ததை அன்றே தொடங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாளாவது இடைவெளி விடுகிறேன்.

சரி, அந்த நாய்க்கு வருகிறேன். கறுப்பு நாய். கறுப்பு ரோமத்துக்கு நான் டியூபிலிருந்து கறுப்பை எடுப்பதே இல்லை, அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு ஒன்று கிடைக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் வானம் பட்ட முதுகு, பழுப்பு தூக்கலாக இருந்தால் வெயிலில் வெளுத்த விலாப்பக்கம். இடது காதுக்கு நாலு நாள் ஆனது. மடிப்பின் உள்பக்கம் கொஞ்சம் ரோமம் உதிர்ந்து சதை தெரியும் இடம், அதற்கு ஒரு மங்கிய இளஞ்சிவப்பு, அதன் ஓரத்தில் பழைய கடித் தழும்பு ஒரு நகக்கீறல் அளவுக்கு. நேற்று ராத்திரி அதைப் போட்டு முடித்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. மூக்கு நரையையும் எடுக்க வேண்டாமாம்.

ஆயில் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருக்கிறது. காய்ந்ததும் நரைக்கு வெள்ளை, கடைசியாக மெல்லிய பிரஷ்ஷால் மீசை.