கேடட்ஸை மூடியது வழக்கா?

நியூஜெர்சியில் மார்ச்சிங் பேண்ட் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் கூடினால், 2024இல் மூடப்பட்ட கேடட்ஸ் என்ற இசை அணிவகுப்புக் குழுவின் பேச்சு வராமல் போகாது. வந்தால் ஒரே பல்லவிதான்: "என்றைக்கோ நடந்ததாகச் சொல்லும் விஷயத்துக்கு வழக்குப் போட்டு, தொண்ணூறு வருஷ அமைப்பை வக்கீல்கள் விழுங்கிவிட்டார்கள்." கேட்கிறவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். மரியாதைக்காக நானும் பலமுறை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். இங்கே சொல்லிவிடுகிறேன்: வழக்கு கடைசியில் வந்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, ஜெயித்துக் கொடுக்கிற ஆளை யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற பழக்கம் அந்த அமைப்பை உள்ளுக்குள் அரித்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவில் டிரம் கோர் என்றொரு உலகம் இருக்கிறது. பித்தளைக் குழல்கள், டிரம்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோனுக்கு இடமில்லை. பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரையுள்ள பிள்ளைகள் நூற்றைம்பது பேர் அளவில் சேர்ந்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கோடை முழுக்க மெருகேற்றுவார்கள். இரவில் பஸ் பயணம், விடிகாலையில் ஏதாவதொரு பள்ளிக்கூட ஜிம்மில் தரையில் தூக்கம், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி, மாலையில் போட்டி. ஆகஸ்ட்டில் இண்டியானாபொலிஸில் இறுதிப் போட்டி. இதையெல்லாம் நடத்துவது டிரம் கோர் இண்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஒரு குழு பயிற்சி செய்வதைப் பார்க்கப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் தாளம் காட்டும் மெட்ரோனோம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எட்டே எண்ணிக்கைக்கான ஒரு நகர்வு. முடிந்ததும் கோபுரத்தின் மேலிருந்து "ரீசெட்" என்று ஒரு குரல். அத்தனை பேரும் பழைய இடத்துக்கு ஓடுகிறார்கள். மறுபடி அதே எட்டு. மறுபடி ரீசெட். ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிற்றில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் அரை அடி தள்ளி நின்றுவிட்டான். மைக்கில் அவன் பெயரைச் சொல்லித் திருத்தினார்கள், அவன் கையை உயர்த்தி ஒப்புக்கொண்டான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மேலே இருந்து வரும் குரல் சொன்னால் யோசிக்காமல் செய்யப் பழகிய பிள்ளைகள் என்பதும் கூடவே உறைத்தது.

சரி, கேடட்ஸுக்கு வருவோம். 1934இல் நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் ஹோலி நேம் என்ற கத்தோலிக்க சர்ச்சின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இது. கார்ஃபீல்டு மில் ஊர். போலந்து, இத்தாலியிலிருந்து வந்த கம்பளி மில் தொழிலாளர்கள் நிறைந்த இடம். 1926இல் நடந்த பெரிய பஸேயிக் நெசவாலை வேலைநிறுத்தத்தில் இந்த ஊரும் சேர்ந்து நின்றது. அதற்கு எட்டு வருஷம் கழித்து, பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த காலத்தில், அந்தத் தெருப் பையன்களுக்குக் கிடைத்தது ஒரு சீருடையும், பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பும். முதல் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட பியூகிளும் டிரம்மும் மலிவாகப் புழங்கியதால்தான் நாடு முழுக்க இந்த மாதிரிக் குழுக்கள் முளைத்தன. சர்ச்சோ முன்னாள் ராணுவ வீரர் சங்கமோ செலவை ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகள் நடந்தே பயிற்சிக்கு வருவார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களை நினைவுபடுத்தும் சீருடை, மெரூன் நிற மேல்சட்டை, தொப்பியில் இறகு என்று கேடட்ஸுக்கென்று ஒரு மிடுக்கு சேர்ந்தது. முன்னாள் ராணுவ வீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியன் நடத்திய தேசியப் போட்டிகளில் பலமுறை ஜெயித்தார்கள். 1958இல் சர்ச்சோடு முறிந்து கார்ஃபீல்டு கேடட்ஸ் ஆனார்கள். பெயரிலிருந்து ஹோலி நேம் போனாலும் குழுவின் பாட்டிலிருந்து கடைசி வரை போகவில்லை.

அந்தக் காலப் போட்டி விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். வீரர் சங்கங்களுக்கு வேண்டியது அணிவகுப்பு ஒழுங்கு. நூறு மதிப்பெண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பிழைக்கும் வெட்டிக்கொண்டே போவார்கள். நடுவர்கள் அட்டையும் பேனாவுமாக மைதானத்துக்குள்ளேயே வரிசைகளுக்கு இடையில் ஓடி, கால் தவறிய பையனைக் கண்டால் ஒரு கோடு போடுவார்கள். அதற்கு டிக் என்று பெயர். விதிகளும் அவர்களுடையது, நடுவர்களும் அவர்களுடையவர்கள், குழுக்களுக்கு எவ்வளவு காசு என்பதையும் அவர்களே சொல்வார்கள். வயோமிங்கின் ட்ரூப்பர்ஸ் குழுவை நடத்திய ஜிம் ஜோன்ஸும் இலினாயின் கேவலியர்ஸை நிறுவிய டான் வாரனும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களும் மற்ற குழுக்களும் சேர்ந்து 1971இல் டி.சி.ஐ.யை உருவாக்கினார்கள். முதல் சாம்பியன்ஷிப் 1972இல், விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில். ஜெயித்தது அனஹைம் கிங்ஸ்மென்.

நம் போட்டி, நம் விதி என்று குழுக்களே அதிகாரத்தைக் கையில் எடுத்தது நியாயமான கலகம். அதன் மறுபக்கத்தை அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். பழைய சங்கத்துக் கிழவர்கள் எவ்வளவு சிடுசிடுப்பாக இருந்தாலும் வெளியாட்கள். இனி மேற்பார்வை பார்ப்பதும் இயக்குநர்கள், பார்க்கப்படுவதும் அதே இயக்குநர்கள். ஊரும் சர்ச்சும் பிடி தளர்த்தின. பிள்ளைகள் தூர மாநிலங்களிலிருந்து விமானத்தில் வந்து சேரத் தொடங்கினார்கள். தேசியச் சுற்றுப்பயணத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்ன ஊர்க் குழுக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று சில டஜன்தான்.

1972 முதல் 1982 வரை நடந்த பதினொரு இறுதிப் போட்டிகளில் பத்தில் ஜெயித்தவர்கள் கலிஃபோர்னியாக்காரர்கள். மிச்சம் ஒன்று விஸ்கான்சினுக்கு. கிழக்குக் கடற்கரைக்கு ஒன்றுமில்லை. 1983இல் மயாமியில் கார்ஃபீல்டு கேடட்ஸ் அதை உடைத்தார்கள். ரான் நெல்சனின் 'ராக்கி பாயிண்ட் ஹாலிடே'யை வாசித்தபடி அவர்கள் நகர்ந்த விதம்தான் பேச்சானது. அதுவரை மைதானத்தின் நடுவே ஓடும் ஐம்பதாவது கஜக் கோட்டின் இரு பக்கமும் கண்ணாடி வைத்தது போல ஒரே மாதிரி வடிவங்கள் நிற்கும். ஜார்ஜ் ஸிங்காலி என்ற வடிவமைப்பாளர் அந்தக் கண்ணாடியை எடுத்தெறிந்தார். வளைவு விரிந்து, முறுக்கி, பாதியில் இன்னொரு வடிவமாகிவிடும். எது தொடக்கம், எது முடிவு என்று பார்ப்பவர் பிடிப்பதற்குள் அடுத்தது. நடை கிட்டத்தட்ட ஓட்டமாகவே மாறியது. அந்த வருஷத்தோடு டிக் முறையும் போய், சாதித்ததற்கு மதிப்பெண் கூட்டும் முறை வந்தது. 1984இல் பெர்ன்ஸ்டைனின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1985இல் மறுபடியும் பட்டம். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த முதல் டி.சி.ஐ. குழு அதுதான். 84ஆம் வருஷப் பழைய வீடியோ மங்கலாகத்தான் இருக்கும், தேடிப் பாருங்கள். இன்றைய குழுக்களின் சின்தசைசரும் எல்.இ.டி. பலகையும் எனக்கு அலுத்துவிட்டன, அந்த ஓட்டம் அலுக்கவில்லை.

1993 கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சனில் இறுதிப் போட்டி. ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற புதுக் குழு, 1985இல்தான் முதல்முறை போட்டிக்கு வந்தது, பார்ட்டோக், பார்பர் என்று இறுக்கமான இருபதாம் நூற்றாண்டு இசையை எடுத்து, கைதட்டலுக்கு இடமே விடாமல் ஒரு நிகழ்ச்சி செய்தது. கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. அந்த 0.1 மதிப்பெண்ணுக்காக இன்றுவரை நடுவயதுக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். ஸ்டார் அத்தோடு போட்டியைவிட்டே விலகி, பிறகு 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சியாக மாறி, பிராட்வேயில் டோனி விருதும் வாங்கியது. ஸ்டார்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நியூஜெர்சியில் இருந்துகொண்டு இப்படி எழுதினால் இரண்டு நண்பர்கள் குறைவார்கள், பரவாயில்லை.

2011 வரை மொத்தம் பத்து டி.சி.ஐ. பட்டங்கள், அதில் 2000ஆம் ஆண்டுப் பட்டம் மட்டும் கேவலியர்ஸோடு பகிர்ந்தது. இந்தப் பத்தும் ஒரே இயக்குநரின் காலத்தில் வந்தவை. 1980களின் தொடக்கம் முதல் 2018 வரை அவர்தான். அமைப்பு வளர்ந்தது, பள்ளி பேண்ட் போட்டிகள் நடத்தியது, ஊர்ப் பெயரை உதறி வெறும் 'தி கேடட்ஸ்' ஆகி, பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போனது. 2006, 2007 நிகழ்ச்சிகளில் இசைக்கு நடுவே மைக்கில் ஓயாமல் பேச்சு வைத்தபோது ரசிகர்கள் கடுப்பானார்கள். ஆனாலும் நடந்தது. 2010இல் கேடட்ஸ் உட்பட ஏழு பெரிய குழுக்கள் சேர்ந்து, டி.சி.ஐ.யில் எங்களுக்குக் கூடுதல் பணமும் பிடியும் வேண்டும் என்று திட்டம் போட்டன. 1971 கலகம் சங்கங்களுக்கு எதிரானது. இது சின்னக் குழுக்களை மிதித்து ஏறப் பார்த்தது. இதையெல்லாம் வெறும் ஆணவக் கதைகளாக மட்டும் நான் சொல்லவில்லை. இவ்வளவு எதிர்ப்பு வெளியே இருந்தும், ஜெயித்துக் காட்டிய ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் தெம்பு அந்த வீட்டுக்குள் யாருக்கும் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2018 ஏப்ரலில் பிலடெல்ஃபியா இன்குவைரர் பத்திரிகையில் அந்த இயக்குநர்மேல் ஒன்பது பெண்களின் புகார்கள் வெளியாயின. பாலியல் அத்துமீறல் புகார்கள், பல பத்தாண்டுகளில் பரவியவை. அவர் அப்போது மறுத்தார், பதவி விலகினார். சில நாட்களில் நிர்வாகக் குழு மொத்தமும் விலகியது. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் பெரிது. ஒரு நிர்வாகக் குழு ஒட்டுமொத்தமாக எழுந்து போகிறது என்றால், அத்தனை வருஷம் அது எதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது?

இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டைவிட்டு மூன்று மாதம் தள்ளி இருக்கும் பிள்ளை. தேர்வில் சேர்ப்பதும் கழிப்பதும் ஒரு சில பேர் கையில். கற்றுத் தருபவர்களில் பாதிப் பேர் முன்னாள் உறுப்பினர்கள், நேற்றுவரை அதே இயக்குநரின் முன்னால் கையை உயர்த்தியவர்கள். பஸ், ஜிம், மைதானம் தவிர வேறு உலகமில்லை. "வலித்தால் தாங்கு, குழுவைக் காட்டிக் கொடுக்காதே" என்பது அங்கே பெருமையான குணம். புகார் சொல்ல வேண்டுமென்றால் போய் நிற்க வேண்டிய கதவே அவருடையதாக இருந்தால் யார் சொல்வார்கள்?

அப்புறம் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நிர்வாகம் மாறியது, அமைப்பு ஈரி நகருக்கு இடம் பெயர்ந்தது, விதிகளை இறுக்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பழைய பாலியல் வன்கொடுமைப் புகார் தொடர்பான வழக்கின் செலவைத் தாங்க முடியாமல் 2024 ஜனவரியில், தொண்ணூறாவது வருஷத்தில், கடையை மூடிவிட்டார்கள். அந்த வருஷம் சேர்ந்திருந்த பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். பனிக்காலப் பயிற்சியெல்லாம் முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் வேறு குழுக்களில் இடம் தேடி அலைந்தார்கள். அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்குப் புகார் கொடுத்தவர் எப்படிப் பொறுப்பாவார்? அன்றைக்கே கேட்டிருந்தால் இவ்வளவு காலம் கழித்து நீதிமன்றம் எதற்கு?

பணத்தட்டுப்பாடு எல்லாருக்கும்தான், கேடட்ஸ் மட்டுமா என்பார்கள். உண்மை. சாண்டா க்ளாரா வேன்கார்டு போன்ற ஜாம்பவானே பணச் சிக்கலால் 2023 முழுக்க உட்கார்ந்திருந்தது. உறுப்பினர் கட்டணம் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர். அந்தக் கஷ்டத்தோடு குழுக்கள் வருஷக்கணக்கில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. வேன்கார்டு 2024இல் திரும்பி வந்தது. கடன் வந்தால் உண்டியல் குலுக்கலாம், ஓய்வெடுத்துத் திரும்பலாம். பல பத்தாண்டுகளாகக் கேட்காமல் விட்டதற்கு அப்படிச் சுலபமான வழி இல்லை.

இப்போது பழைய உறுப்பினர்கள் சிலர் மறுபடி தொடங்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஆட்சேபமே இல்லை. மெரூன் சட்டையை மறுபடி பார்த்தால் நானும் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால் முதல் வேலையாக வடிவமைப்பாளரையும் இசையமைப்பாளரையும் தேடாதீர்கள். இந்தக் குழுவில் ஆடாத, இதிலிருந்து சம்பளம் வாங்காத நாலு பேரை நிர்வாகக் குழுவில் உட்கார வையுங்கள். இயக்குநருக்குப் பதவிக்காலம் வையுங்கள், பட்டமே ஜெயித்தாலும் முடிந்தால் முடிந்ததுதான். புகார் போகும் எண் அலுவலகத்துக்கு வெளியே யாரிடமாவது இருக்கட்டும். சுற்றுப்பயணத்தையும் குறைத்துக்கொண்டு கார்ஃபீல்டிலேயே ஒரு பள்ளி மைதானத்தை வாடகைக்குப் பிடித்தால், கட்டணம் கட்ட வழியில்லாத அந்த ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராவது நடந்தே வருவார்கள். அப்படி ஒன்று தொடங்கினால் சொல்லுங்கள், மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசிக்கும் என் மகளைத் தேர்வுக்கு நானே அழைத்து வருகிறேன்.