நாலு வேண்டும்

(புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில். காலை ஐந்தே முக்கால் மணி. அருகம்புல் சாறு விற்கும் அக்காவின் வாளிக்கு நேர் முன்னால் ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் நிற்கிறார்.)

அக்கா: தம்பி, கொஞ்சம் தள்ளி நின்று கும்பிடுங்கள். கடை மறைக்கிறது.

தம்பி: கும்பிடவில்லை அக்கா. சாட்டிலைட் பிடிக்கிறேன். நாலு கிடைத்தால்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த ஜிபிஎஸ் கடிகாரத்துக்குத் தெரியும்.

அக்கா: என் வாளிக்கு முன்னால் இருக்கிறீர்கள். நான் சொன்னால் கேட்காதா?

தம்பி: கேட்காது. நாலும் வேண்டும். மூன்று சாட்டிலைட் இடத்துக்கு. நாலாவது, கடிகாரத்தின் நேரத்தில் இருக்கும் பிசகைச் சரிசெய்ய.

அக்கா: கடிகாரத்துக்கே நேரம் சரியாகத் தெரியாதா?

தம்பி: அது வேறு நேரம் அக்கா. ரொம்ப நுணுக்கமானது. சாட்டிலைட் எல்லாம் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன.

அக்கா: அவ்வளவு உயரத்திலா? அதற்குத்தான் நீங்கள் இரண்டு அடி கையைத் தூக்கி உதவி செய்கிறீர்களோ!

தம்பி: (கையை இறக்கி) மூன்று வந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான்.

அக்கா: எங்கள் தெருவில் ஒருவருக்கு நாலு பேர் வேண்டும் என்றால் அது கடைசிப் பயணத்துக்குத்தான். சரி, எவ்வளவு கொடுத்தீர்கள்?

தம்பி: 38,000. வெறும் நடைக்கு மட்டுமில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் வரிசையாகச் செய்யலாம், ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்ததற்கு மாறிவிடும். டிரையத்லான் என்று பெயர்.

அக்கா: நீச்சல் தெரியுமா?

தம்பி: தெரியாது. ஆனால் இது 50 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தையே தாங்கும்.

அக்கா: அது தாங்கும். உங்களைத் தூக்கிவரத்தான் மறுபடியும் நாலு பேர் வேண்டும்.

தம்பி: விளையாடாதீர்கள் அக்கா. அடியில் பச்சை விளக்கு மின்னுகிறது பாருங்கள். தோலுக்குள் ஓடும் ரத்தத்தைப் பார்த்தே நாடித்துடிப்பைச் சொல்லும். நேற்று மெதுவாகத்தான் ஓடினேன், 172 காட்டியது! 220-இல் வயதைக் கழித்தால் வருவதுதான் உச்சத் துடிப்பு என்று ஒரு கணக்கு. எனக்கு 46. ஆக 174. இரண்டே இரண்டுதான் பாக்கி! அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா: மூச்சு வாங்கியதா?

தம்பி: இல்லை.

அக்கா: நெஞ்சு படபடத்ததா?

தம்பி: கடிகாரத்தைப் பார்த்த பிறகு படபடத்தது. அப்புறம்தான் தெரிந்தது, பட்டை தளர்ந்திருந்தால் காலடி விழும் வேகத்தையே துடிப்பு என்று எண்ணிவிடுமாம்.

அக்கா: காலுக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாததற்கா 38,000?

(நேற்று இவர் "அப்படியே உட்கார்ந்த" இடம் நடுச்சாலை. பின்னால் வந்தவர்களில் நானும் ஒருவன். வாசகர்கள் என் பக்கச் சாய்வை மன்னிக்க வேண்டும்.)

தம்பி: நேற்று நான் போன பாதையைப் பாருங்கள். இந்தச் சிவப்புக் கோடு.

அக்கா: கோடு கடலுக்குள்ளே அல்லவா போகிறது? நீச்சல் தெரியாது என்றீர்களே!

தம்பி: சிக்னல் கட்டடத்தில் பட்டு எதிரொலித்து வந்தால் கொஞ்சம் தள்ளிக் காட்டும்.

அக்கா: முந்தாநாள் ஏன் வரவில்லை? அன்றைக்கும் கடலுக்குள்தான் இருந்தீர்களா?

தம்பி: வந்தேன் அக்கா. பழைய கலங்கரை விளக்கம் வரை வந்தேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது, திரும்பிப் போய்விட்டேன்.

அக்கா: காலிலா?

தம்பி: கடிகாரத்தில். அது இல்லாமல் நடந்தால் கணக்கில் ஏறாதே!

அக்கா: தம்பி, ஏழரைக்கு இந்தச் சாலையில் வண்டிகளை விட்டுவிடுவார்கள். அதற்குள் அந்த நாலாவது வருமா, இல்லை நான் போய் அழைத்து வரட்டுமா?

தம்பி: வந்துவிடும். அதுவரை ஒரு டம்ளர் கொடுங்கள். காசு அப்புறம்.

அக்கா: (ஊற்றிக்கொண்டே) இந்த மாதம் எவ்வளவு நடந்தீர்கள்?

தம்பி: (ஒரு நொடியில்) 82.46 கிலோமீட்டர்.

அக்கா: எத்தனை அடி?

தம்பி: 1,12,908.

அக்கா: என்னிடம் எத்தனை டம்ளர் குடித்தீர்கள்?

தம்பி: அது... நாலு இருக்குமா?

அக்கா: உங்களுக்கு எல்லாமே நாலுதான். (வாளி மூடியைத் திருப்பிக் காட்டுகிறார். உள்பக்கம் வரிசையாகக் கரிக்கோடுகள்.) கையில் இருப்பதோடு பதினொன்று. இதற்கு சாட்டிலைட் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

தம்பி: பதினொன்றா? அக்கா, எங்கேயோ தப்பு... (கடிகாரம் "டிங்" என்கிறது.) கிடைத்துவிட்டது! நாலும் கிடைத்துவிட்டது!

(டம்ளரை மடமடவென்று குடித்து வைத்துவிட்டு ஓடத் தொடங்குகிறார்.)

அக்கா: (உரக்க) டம்ளர் இருபது ரூபாய், தம்பி! பதினொன்றுக்கு 220! வயதைக் கழிக்காமல் கொண்டு வாருங்கள்!