சும்மா ஒரு ரவுண்டு

போன வாரம் காலை ஏழு மணிக்குப் பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடிக்கும் ட்ரோன் இறங்கியது. எங்கள் மன்னார்குடிப் பக்கம் இப்போது இது அதிசயமே இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட நின்று பார்ப்பதில்லை. பத்து லிட்டர் டேங்க். ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு அதை ஓட்டிய தம்பி வரப்பில் என்னிடம் வந்தார். “அண்ணே, மருந்து கொஞ்சம் மிச்சம் கெடக்கு. உங்க வயலுக்கும் சும்மா ஒரு ரவுண்டு அடிச்சு விட்டுரவா? ஐந்நூறு குடுங்க, போதும்.”

அந்த ‘சும்மா’தான் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெஷினுக்கு எதிரி இல்லை. இல்லையென்றால் ‘அப்போ மாடு பூட்டி உழு’ என்று நாலு பேர் கிளம்பி வருவீர்கள். எனக்கு இருப்பது மூன்று ஏக்கர். தை மாதம் கதிர் சாய்ந்து கிடக்க, அறுக்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தவன் நான். செயின் போட்ட அறுவடை வண்டி வயலில் இறங்கிய அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மருந்து அடிப்பதும் அப்படித்தான். பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிச் சேற்றில் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். ஏக்கருக்குப் பத்து டேங்க். வாளியில் மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்கும்போதே மூக்கில் ஏறும். முகத்தில் கட்டியிருக்கும் துண்டு ரெண்டாவது டேங்கில் நனைந்துவிடும். அப்புறம் அந்தத் துண்டே மருந்துதான். சாயங்காலம் சோற்றைப் பிசைந்தால் சோப்புப் போட்டுக் கழுவிய கையிலும் அந்த வாடை இருக்கும். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த வருஷம் செடி தலைக்கு மேல் வளர்ந்திருந்தது, புதிதாக வந்த பேட்டரி ஸ்பிரேயர் மருந்தைப் பனி மாதிரி முகத்திலேயே அடித்தது என்று காரணம் சொன்னார்கள். ஆக, மனுஷன் முதுகிலிருந்து அந்த டேங்க் இறங்கியது நல்லதுதான். அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

ஆனால் அந்த முதுகு வலி இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. ‘இந்தப் பூச்சிக்கு அடிக்கத்தான் வேணுமா, ரெண்டு நாள் பார்ப்போமே’ என்று நம்மை யோசிக்க வைத்தது. கைப்பம்பு இருந்த காலத்தில் எங்கள் அப்பா ஒரு போகத்துக்கு ஒரு தடவை அடிப்பார், பூச்சி மிஞ்சினால் இரண்டு. பேட்டரி ஸ்பிரேயர் வந்தபிறகு எனக்கு அது மூன்றானது. பவர் ஸ்பிரேயர் வந்ததும் நான்கு. இந்த நான்கில் எத்தனை பூச்சியைப் பார்த்து அடித்தது என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வயலில் அடித்தார்கள், அதனால் நானும் அடித்தேன். உரக்கடையில் இலையைக் காட்டினால் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, கூடவே ஒரு டானிக். விஷத்தை ‘மருந்து’ என்று சொல்லிப் பழகிவிட்டோம், கடைக்காரர் டாக்டர் ஆகிவிட்டார்.

இப்போது அதை இன்னும் சுலபமாக்க அரசே பணம் கொடுக்கிறது. 2023 நவம்பரில் ஒப்புதலான திட்டம் ஒன்று இருக்கிறது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன், விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம். பெண்கள் கையில் வருமானம் வரட்டும், சந்தோஷம். ஆனால் 8 லட்சம் மானியம் வாங்கிய மெஷின் ஓடினால்தானே காசு? ‘உங்க வயல்ல பூச்சி இல்லை, அடிக்க வேணாம்’ என்று அதை ஓட்டுகிறவர் எப்படிச் சொல்வார்?

தேவையில்லாமல் அடித்தால் காசு மட்டும் போகிறதென்றால் பரவாயில்லை, பூச்சியே கூடுகிறது. நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்பது சிலந்தி. நாம் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது அதுதான். தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்தில் ஒட்டியிருக்கும் புகையான் தப்பித்து, கேட்பாரில்லாமல் பெருகும். இந்தோனேசியா இதில் சூடுபட்ட நாடு. 1986-இல் அங்கே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள், மருந்துக்குக் கொட்டிக் கொடுத்த மானியத்தையும் அடுத்த சில வருஷத்தில் நிறுத்தினார்கள். விளைச்சல் விழவில்லை.

மெஷினே மருந்தைக் கூட்டிக்கொண்டு வருகிற கதையும் உண்டு. அறுவடை வண்டி சேலம் பக்கத்து ஆத்தூரிலிருந்து வருகிறது. வழியில் எத்தனை ஊர், எத்தனை வயல்! துடைக்காமல் அடுத்த வயலில் இறங்கினால் அங்கிருந்த குதிரைவாலிப் புல் விதை நம் வயலில் கொட்டுகிறது. அடுத்த போகம் களைக்கொல்லிக்குத் தனிச் செலவு. வண்டியை இறக்குமுன் சுத்தம் பண்ணச் சொன்னால், “மணிக்கு வாடகை ஓடுது சார்” என்கிறார் டிரைவர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

எனக்கு ரொம்ப ஆறாத விஷயம் நடவு மெஷின். நூல் பிடித்த மாதிரி வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டு நடுகிறது. அந்த இடைவெளியில் களை எடுக்கும் கருவி தாராளமாக ஓடும், ஓட்டினால் களை சேற்றில் அமுங்கி உரமாகும். நாமோ காசு கொடுத்து வரிசை நடவு போட்டுவிட்டு, மூன்றாம் நாளே மணலில் களைக்கொல்லியைக் கலந்து வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு ட்ரோன் மூன்று இருக்கிறது. களையெடுக்கும் மெஷின் ஒன்றுகூட இல்லை. நெல் காயவைக்கும் மெஷினும் இல்லை. வண்டி ஈரத்தோடு அறுத்துத் தள்ளுகிறது, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் கேட்கிறார்கள், ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? கொஞ்சம் இருப்பா என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன். பத்து இடத்தில் நெல் குத்தை விலக்கி அடியில் பார்த்தேன். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு, அதாவது குத்தில் இருக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு. பத்துக் குத்திலும் சேர்த்தே புகையான் ஏழுதான் தேறியது. சிலந்தி பதினொன்று. ஒன்று என் கையில் ஏறி முழங்கைவரை ஓடியது.

“வேணாம் தம்பி” என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மிச்சத்தை எதிர் வயலில் அடிக்கப் போனார்.