கன்னத்தாங்கி இருந்தாலே அசல் ஸ்னைப்பர் துப்பாக்கியா?

“பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக் கட்டையில் மரக் கன்னத்தாங்கி இருந்தால், அது இரண்டாம் உலகப்போரின் அசல் ஸ்னைப்பர், ‘எஸ்51’ முத்திரை இல்லாவிட்டால் போலி” என்றொரு செய்தி சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இரண்டுமே தவறு.

கன்னத்தாங்கி என்பது, குறிபார்க்கும்போது கன்னத்தைச் சாய்த்துக்கொள்ள, கட்டையின் (தோளில் ஊன்றும் மரப்பகுதியின்) மேல் திருகாணிகளால் பொருத்தப்படுவது. சாதாரண கட்டையிலும் எவரும் பின்னாளில் பொருத்திவிடலாம். ‘எஸ்51’ என்பது லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 ரகத் துப்பாக்கிகளை ஸ்னைப்பராக மாற்றியமைத்த லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் குறியீடு. கட்டையின் அடிப்பக்கத்தில் இருக்கும். ஆனால் கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலை தானே உருவாக்கியவற்றில் அதை எதிர்பார்க்க இயலாது. மேலும், பழுதுபார்ப்பின்போது கட்டை மாற்றப்பட்டிருந்தாலோ, மரத்தை மீண்டும் மீண்டும் தேய்த்து மெருகிட்டிருந்தாலோ, அசலிலும் முத்திரை இராது.

கட்டையின் கழுத்துப் பகுதியில், மேற்புறம் பொறித்த எண், குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கியின் எண்ணோடு ஒத்திருப்பதும், உலோக உடலின் இடப்புறத்தில் ‘டி’ எழுத்து இருப்பதும் கூடுதல் சான்றுகள். தொலைநோக்கி மாறியபோது பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதியதைப் பொறித்ததும் உண்டு. என் பார்வையில், பளிச்சென்ற கட்டையைவிட அத்தகைய அடித்தல் நம்பகமானது.

பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் இவ்வகைத் துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதால், இச்செய்தியை நம்பி எதையும் வாங்க முனையாதீர்கள், மேலும் பகிராதீர்கள்.