தீவைக் காலி செய்துவிட்டால் தீர்ந்ததா?

கடலோர மீனவர்களின் மறுவாழ்வு பற்றி ஞாயிற்றுக்கிழமை வேலூரில் நடந்த கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள் என்பதால், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ராமேஸ்வரம் தீவின் ஆபத்தான கரைகளில் வாழும் மீனவர்களை மொத்தமாக உள்ளே கொண்டுவந்து அடுக்குமாடிகளில் குடியேற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று அங்கே பேசிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சொன்னதும், அரங்கமே கைதட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படகு நிற்கும் இடத்தையும் வீட்டையும் பிரித்துவிட்டு மீனவருக்கு மறுவாழ்வு தர முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு அதைத்தான் செய்து பார்த்தோம். சென்னைக் கரையோரக் குப்பங்களில் இருந்தவர்கள் பலரைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். விடியுமுன் காற்றைப் பார்த்துப் படகு இறக்க வேண்டியவர், 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்தப் பேருந்தைப் பிடிப்பார்? வலை மூட்டையோடு ஏறினால் நடத்துநர் விடுவாரா? பாதுகாப்பானது என்று காட்டிய அந்தச் செம்மஞ்சேரியும் 2015 வெள்ளத்தில் மூழ்கியது.

"கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன தெரியும்?" என்பவர்களுக்கு: பாலாறு தெரியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் வீடிழந்த எங்கள் பகுதிச் சலவைத் தொழிலாளி ஒருவருக்கு ஊருக்கு வெளியே வீடு கிடைத்தது. கான்கிரீட் கூரை, நல்ல வீடுதான். ஆனால் அங்கே ஆற்று ஊற்று இல்லை, வெள்ளாவி வைக்க இடமில்லை, துணி போடும் வீடுகளும் இல்லை. இப்போது ஏடிஎம் வாசலில் இரவுக் காவல் பார்க்கிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

"அப்படியானால் சாகட்டும் என்கிறாயா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ரயிலே பயணிகளோடு போனது எனக்கும் தெரியும், ஐயா. 1970-இல் இன்றைய வங்கதேசத்தின் கரையையும் அங்குள்ள போலா தீவையும் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே முன்னெச்சரிக்கையும், தூண்கள்மேல் புயல் காப்பகங்களும், வீடு வீடாகச் சொல்லும் தன்னார்வலர்களும் வந்தபின், 2007 சிதர் புயலில் சாவு சில ஆயிரங்களோடு நின்றது. தீவுகளைக் காலி செய்து அல்ல, மக்களை அங்கேயே வைத்துக்கொண்டு.

வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த அதே தனுஷ்கோடியில், 2017-இல் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அப்போதும் அங்குள்ள குடிசைகளுக்கு மின்கம்பி போகவில்லை. செல்ஃபி எடுப்பவருக்கு ஆபத்தில்லாத மணல், மீனவருக்கு மட்டும் ஆபத்தாம்!

மேடையில் ஒரு மீனவரைக்கூட உட்காரவைக்காமல் அவர்களுக்கு வீட்டு வரைபடம் போட்டவர்களுக்குப் பொன்னாடை வேறு. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் அனுப்பும்போது தயவுசெய்து என் பெயரை விட்டுவிடுங்கள்.