சேற்றை வெட்டியது யார்?

தென் அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரத்தைப் பற்றிய அந்த வீடியோவை நேற்றிலிருந்து எட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "நீ இருந்த ஊராச்சே" என்று. பார்த்தேன். "சதுப்பு நிலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய அழகு நகரம்" என்ற ஒரு வரியிலேயே மனசு விட்டுப்போச்சு.

கயானா நாட்டின் தலைநகரம் அது. கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர். டச்சுக்காரர்கள் ஸ்டாப்ரூக் என்றார்கள், 1812ல் ஆங்கிலேயர்கள் ஜார்ஜ்டவுன் ஆக்கினார்கள். பெயர் வைத்தது அவர்கள், சரி. சேற்றை வெட்டியது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அந்தக் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கு வாய்க்கால் வெட்ட மட்டும் 10 கோடி டன் மண்ணை அள்ளியிருக்க வேண்டும் என்று, 1940களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு அமைத்த சர்க்கரைத் தொழில் விசாரணைக் குழுவே கணக்குச் சொன்னது. நகரத்தின் ஒரு பகுதிக்கு இன்றும் வெர்க்-என்-ரஸ்ட் என்று பெயர். டச்சு மொழியில் 'வேலையும் ஓய்வும்'. முன்பு அது ஒரு தோட்டம். ஓய்வு யாருக்குக் கிடைத்தது? 1823ல் ஜார்ஜ்டவுன் இருக்கும் டெமராரா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஊரின் பெரிய தேவாலயத்தை, அந்தக் கதீட்ரலை, வடிவமைத்தது இங்கிலாந்துக்காரர்தானே" என்பீர்கள். ஆமாம், ஆர்தர் பிளூம்ஃபீல்ட். 1892ல் திறந்த அந்த மரக் கட்டடத்தை நானும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அழகில்லை என்று யார் சொன்னது? அது நிற்கிற தரையைப் பற்றித்தான் கேட்கிறேன். "பழசை ஏன் கிளறுகிறாய்" என்பவர்களுக்கு: பழசைப் படம் பிடித்துப் போட்டது நான் இல்லை.

இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். மழையில் தெரு மூழ்கினால் எல்லோரும் முதலில் கேட்பது கோக்கர் திறந்தாச்சா என்றுதான். கோக்கர் என்றால் மதகு. கடல் இறங்கும்போது கனமான கதவைத் தூக்குவார்கள், பழுப்புத் தண்ணீர் திமுதிமுவென்று வெளியே பாயும். கடல் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். தவறினால் கடல் உள்ளே வந்துவிடும். அன்று வெட்டிய வாய்க்கால்தான் இன்றும் ஊரைக் காப்பாற்றுகிறது.

அப்புறம் நம் ஆட்கள். அடிமை முறை ஒழிந்தபின் 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 2.39 லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். சென்னையில் கப்பல் ஏறியவர்களின் வாரிசுகளை அங்கே இன்றும் மெட்ராசி என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடும்பப் பெயர் மூன்சாமி. தமிழ் தெரியாது, மாரியம்மாவை மட்டும் தெரியும். "அது முனுசாமி, பாட்டி" என்றேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரராக இருப்பார் என்று என்னிடம் கேட்டார்.

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.